விருந்தாளியை விரட்டிப் பிடித்த மந்தை

காட்டோரத்தில் ஒரு குளம் இருந்தது. அதன் மேற்குக் கரையில் பதினோரு மாடுகளும் மூன்று கன்றுகளும் கொண்ட ஒரு மந்தை வாழ்ந்தது. மந்தைக்குத் தலைவி பூங்கொம்பி என்ற பசு.

பூங்கொம்பிக்கு இரண்டு பெருமைகள். முதலாவது, அவளுடைய மரியாதை. புதிதாக யார் வந்தாலும் முதல் ஆளாகப் போய் நெற்றியை நக்கிக் கொடுத்து, "வாங்க, வாங்க!" என்பாள். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் மந்தையையே திரட்டிக்கொண்டு நலம் விசாரிக்கப் போவாள். விசாரிப்பது என்றால் எட்டி நின்று கேட்டுவிட்டு வருவதல்ல. சுற்றி நின்று, பெருமூச்சு விட்டு, ஆளுக்கு மூன்று தடவை நக்கிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஒருமுறை ஓர் இளம் கிடாரி இரண்டு தடவையோடு நிறுத்திக்கொண்டாள். அவளோடு மூன்று மாதம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டாவது பெருமை, அவளுடைய கன்று பில்லை. பூங்கொம்பியின் முதல் இரண்டு ஈற்றும் தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்து, பிழைத்து, நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு துள்ளிக்கொண்டு நின்றவள் பில்லை. "இவ ஒருத்தி இருந்தாப் போதும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்று பூங்கொம்பி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லுவாள். மனதாரத்தான் சொன்னாள்.

அவளுக்கு ஓர் ஆலோசகனும் இருந்தான். அவன் பெயர் ரீங்கு. மாடுகளைக் கடிக்கும் ஈ. பூங்கொம்பியின் முதுகில், அவளுடைய வால் எட்டாத இடமாகப் பார்த்துக் குடியேறியிருந்தான். காலையிலும் மாலையிலும் அவளுடைய ரத்தத்தைக் குடிப்பான். மற்ற நேரத்தில் அவளுக்கு யோசனை சொல்லுவான். "நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று பூங்கொம்பி அவனைப் பற்றிச் சொல்லிக்கொள்வாள்.

ஒருநாள் கால்நடை மருத்துவர் ஒருவர் ஐஸ் பெட்டியோடு குளக்கரைக்கு வந்தார். "பக்கத்துக் காடு வரைக்கும் தோல் கழலை நோய் வந்துட்டுது. நல்லா இருக்கிற மாட்டுக்கெல்லாம் இப்பவே தடுப்பூசி போட்டுடணும். வந்தப்புறம் போட்டுப் பிரயோசனமில்லை" என்று உதவியாளரிடம் அவர் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது.

ரீங்கு பதறிப்போனான்.

"அக்கா! ஊசி அக்கா! இத்தனை நீளம்! தோலைத் துளைச்சுக்கிட்டு உள்ளே இறங்கும்! இந்தக் கொடுமையை எல்லாம் பார்த்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியுமா?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அந்த ஓநாய்க்கு இறக்கை மட்டும்தான் இல்லை.

"ஓடுங்க எல்லாரும்!" என்று பூங்கொம்பி கத்தினாள்.

மந்தை காட்டுக்குள் பாய்ந்தது. ஒரு நாளைக்கு நூறு கடி வாங்கும் உடம்புகள், ஒரே ஒரு ஊசிக்குப் பயந்து முட்புதருக்குள் புகுந்து தோலைக் கிழித்துக்கொண்டன. பின்னங்கால் நொண்டியான சுட்டி என்ற பசு மட்டும் ஓட முடியாமல் அகப்பட்டுக்கொண்டாள். மருத்துவர் அவளுக்கு ஊசியைப் போட்டு, கழுத்தில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மந்தை திரும்பி வந்து, சுட்டியைச் சுற்றி நின்று, பெருமூச்சு விட்டது.

"ரொம்ப வலிக்குதா கண்ணு?" என்று கேட்டாள் பூங்கொம்பி.

"இல்லீங்க அக்கா. சுருக்குன்னு இருந்துச்சு, அவ்வளவுதான். நம்ம ரீங்கு கடிக்கிறது இதைவிட வலிக்குமுங்க!"

"பாவம், வலியில என்னென்னமோ உளறுறா!" என்றாள் பூங்கொம்பி. எல்லாரும் ஆளுக்கு மூன்று தடவை நக்கிக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனார்கள்.

பத்துப் பதினைந்து நாள் கழிந்தது. கிழக்குப் பாதையில் ஒரு பசு தனியாக வந்தாள். செக்கச்செவேலென்று இருந்தாள். நல்ல உயரம். சந்தையிலிருந்து திரும்பிய கூட்டத்திலிருந்து வழிதவறி வந்தவள். செவலை என்று பேர். அவள் மந்தையைப் பார்த்தாள். ஆனால் கிட்டே வரவில்லை. குளத்தின் எதிர்க்கரையில் இருந்த வேலமரத்தடியில் நின்றுகொண்டாள்.

பூங்கொம்பி இக்கரையிலிருந்தே குரல் கொடுத்தாள். "வாங்க, வாங்க! ஏன் அங்கேயே நின்னுட்டீங்க?"

"வேண்டாமுங்க அக்கா! நான் இங்கேயே இருந்துக்கிறேன். சந்தைக்குப் போகையில வண்டியில என் பக்கத்துல நின்ன மாட்டுக்கு உடம்பெல்லாம் கட்டி. எனக்கு இன்னும் ஒண்ணும் வரலை. ஆனா வரலாம். இருபத்தெட்டு நாள் தனியா நின்னு பார்த்துட்டு, நல்லா இருந்தா நானே வரேன். அதுவரைக்கும் யாரும் இந்தப் பக்கம் வராதீங்க!"

இப்படி ஒரு விருந்தாளி கிடைக்க மந்தை கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் மந்தை முகம் சுண்டிப்போய் நின்றது.

"பார்த்தீங்களா அக்கா, திமிரை!" என்று ரீங்கு காதோரம் பறந்து வந்து சொன்னான். "நீங்க மூச்சு விட்ட காத்துகூட ஆகாதாம் அந்த மகாராணிக்கு! நாளைக்கு வடக்குக்கரை மந்தையில என்ன பேசுவாங்க தெரியுமா? பூங்கொம்பி கூப்பிட்டும் ஒருத்தி வரலைன்னு பேசுவாங்க!"

அவனுக்கு அவசரம். எதிர்க்கரையில் தனியாக நிற்கும் ஒரு மாட்டுக்காகக் குளத்தைத் தாண்டிப் பறந்து போய்ச் சாப்பிட்டு வருவது அலைச்சல். எல்லாரும் ஒரே இடத்தில் நின்றால் உட்கார்ந்த இடத்திலேயே பசியாறலாம்.

பூங்கொம்பியின் தங்கை காரியும் சேர்ந்துகொண்டாள். "நம்ம மந்தைக்கு வந்த ஒருத்தி வெளியில நின்னா, நமக்குத்தான் அக்கா அசிங்கம்!"

"வாங்கடி போகலாம்!" என்றாள் பூங்கொம்பி. "அவ வரலைன்னா என்ன? மரியாதை நம்மகிட்ட இருக்குல்ல?"

மந்தை கரையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனது. அதைப் பார்த்த செவலை பின்வாங்கினாள். மந்தை முன்னே போனது. செவலை ஓட ஆரம்பித்தாள். மந்தையும் ஓடியது.

"நில்லுங்க! வரவேற்கத்தான் வரோம்!"

"ஐயோ, வேண்டாம்! கிட்ட வராதீங்க!"

"ஏய், நில்லு! மரியாதை பண்ண வந்தா ஓடறியா?"

ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. குளத்தில் இருந்த தவளைகள் எல்லாம் தலையைத் தூக்கி வேடிக்கை பார்த்தன. விருந்தாளியை விரட்டி அடித்த மந்தைகளை அவை பார்த்திருக்கின்றன. விருந்தாளியை விரட்டிப் பிடிக்கும் மந்தையை அன்றைக்குத்தான் பார்த்தன.

நான்காவது சுற்றில் செவலை சேற்றில் வழுக்கி விழுந்தாள். பூங்கொம்பி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, அவளுடைய நெற்றியில் மூன்று தடவை நக்கினாள். காரி மூன்று தடவை. சுட்டி நொண்டிக்கொண்டு வந்து மூன்று தடவை. வரிசையில் ஒருவரும் விட்டுப்போகவில்லை. கடைசியில் பில்லை தன் சின்ன நாக்கை நீட்டினாள்.

"அம்மா, எண்ணிக்கோ! ஒண்ணு, ரெண்டு, மூணு!"

"என் தங்கம்! இப்பவே எவ்வளவு மரியாதை தெரியுது பாரு!" என்று பூரித்தாள் பூங்கொம்பி.

செவலையின் கண் கலங்கிவிட்டது. "நீங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்க. அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள். எல்லாரும் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் செவலைக்குக் காய்ச்சல் கண்டது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. வாயில் எச்சில் நூலாக ஒழுகியது. மறுநாள் உடம்பெங்கும் நெல்லிக்காய் அளவில் கட்டிகள் கிளம்பின. மந்தை என்ன செய்தது? கும்பலாக நலம் விசாரித்தது. வேறென்ன செய்யும்?

ரீங்குவுக்கும் அவன் சொந்தபந்தங்களுக்கும் அன்றைக்குக் கல்யாணச் சாப்பாடு. செவலையிடம் ஒரு வாய், பறந்து போய்க் காரியிடம் ஒரு வாய், திரும்பி வந்து செவலையிடம் இன்னொரு வாய் என்று பந்தி மாறி மாறி உட்கார்ந்தார்கள். இலையைக்கூட மாற்றவில்லை. வாயைத் துடைக்கவும் இல்லை.

அடுத்த வாரம் மந்தையின் காளை மட்டக்கொம்பனுக்குத் தோளில் நான்கு கட்டிகள் வந்தன. "இது நோயில்லை. சதை! என்னை மாதிரி பலசாலிகளுக்கு இப்படித்தான் திரளும்!" என்று இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். மூன்றாம் நாள் கால் வீங்கிப் படுத்தான். பிறகு இரண்டு பசுக்கள் தீவனம் எடுக்காமல் தலையைத் தொங்கப்போட்டன. அதற்குப் பிறகு ஒரு காலையில் பில்லை எழுந்திருக்கவில்லை.

பூங்கொம்பி அவளை முகர்ந்து பார்த்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. கழுத்திலும் வயிற்றிலும் பட்டாணி பட்டாணியாகத் தடித்திருந்தது. பூங்கொம்பி கரையைச் சுற்றிக்கொண்டு வேலமரத்தடிக்கு ஓடினாள்.

செவலை இளைத்துப் போயிருந்தாள். ஆனால் காய்ச்சல் விட்டிருந்தது. கட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"செவலை! பில்லைக்கு வந்துட்டுது! என்ன பண்ணணும், சொல்லு!"

அன்றே சொன்னேனே என்று ஒரு வார்த்தை செவலை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"எச்சில்ல இருக்குதுங்க அக்கா. மூக்குச் சளியில இருக்குது. உடைஞ்ச கட்டியில இருக்குது. கடிக்கிற ஈ, கொசு, உண்ணி, எல்லாத்தோட வாயிலயும் ஏறி அடுத்த மாட்டுக்குப் போகுது. முடியாதவங்க எல்லாரையும் இந்தக் கரைக்குக் கொண்டு வந்துடுங்க. நல்லா இருக்கிறவங்களை இந்தச் சேத்தை விட்டு மேட்டுக்கு அனுப்புங்க. அங்க ஆட்டுக்காரங்க வேப்பந்தழைப் புகை போடுறாங்க. புகைக்குள்ள ஈ வராது. கடைசிக் கட்டி காய்ஞ்சு இருபத்தெட்டு நாள் ஆகிற வரைக்கும் அங்கிருந்து இங்க யாரும் வரக்கூடாது. ஒருத்தரும் வரக்கூடாது."

"ரீங்குவுமா?" என்று கேட்டாள் பூங்கொம்பி. கேட்கும்போதே முதுகில் ஏதோ ஊர்ந்தது.

"முதல்ல அவன்தான்."

"பில்லை பிழைச்சுக்குவாளா?"

"பெரியவங்க பெரும்பாலும் தேறிடுறாங்க. கன்னுங்களுக்குத்தான்..." என்று சொல்லிச் செவலை நிறுத்திக்கொண்டாள்.

பூங்கொம்பி வேலமரத்தில் முதுகைப் பட்டை உரியத் தேய்த்தாள். வால் எட்டாத இடத்துக்கு மரம் எட்டியது. இத்தனை வருஷமாக இது அவளுக்குத் தோன்றவில்லை. ரீங்கு அலறிக்கொண்டு பறந்தான். "அக்கா! உங்க வீட்டுப் பிள்ளை அக்கா நான்!"

"என் வீட்டுப் பிள்ளை அங்க படுத்துக் கிடக்குறா!" என்றாள் பூங்கொம்பி.

அவள் போட்ட புது உத்தரவைக் கேட்டு மந்தை கொதித்துப்போனது. சேறு போய்விட்டது. நிழல் போய்விட்டது. மேட்டில் புகை கண்ணைக் கரித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நலம் விசாரிக்கப் போகக் கூடாதாம்!

"முடியாத பிள்ளையை ஒரு எட்டுப் போய்ப் பார்க்கக் கூடாதா? இது என்ன நியாயம்?" என்று காரி கேட்டாள். "இந்த வழக்கத்தை எங்களுக்குக் கத்துக் கொடுத்ததே நீதானே?"

"நான்தான் கத்துக் கொடுத்தேன். தப்பாக் கத்துக் கொடுத்தேன்" என்றாள் பூங்கொம்பி. அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

சுட்டி மட்டும் வாயில் ஒரு வேப்பங்கொத்தைக் கவ்விக்கொண்டு நோயாளிகளின் கரைக்கு வந்தாள். "எனக்குத்தான் ஊசி போட்டாச்சே. நான் இங்கேயே தங்கிடுறேன் அக்கா. போறதும் வர்றதுமா இருக்க மாட்டேன்" என்றாள். ஓட முடியாததால் பிழைத்தவள், ஓடிப் பிழைக்க நினைத்தவர்களுக்குத் தண்ணீர்க்கரைக்குத் துணை போனாள். இலை கொண்டு வந்து வீசி ஈ விரட்டினாள்.

மட்டக்கொம்பன் எழுந்து நின்றான். பசுக்கள் இரண்டும் புல்லைக் கடித்தன. பில்லைக்கு மட்டும் கட்டி தொண்டைக்குள் இறங்கிவிட்டது. மடியில் வாயை வைப்பாள். உறிஞ்ச முடியாது. தலையை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்ப்பாள். பால் கட்டி மடி தெறித்தது. பூங்கொம்பி அசையாமல் நின்றுகொண்டே இருந்தாள். கன்று மறுபடி முயலும்போது மடி அங்கே இருக்க வேண்டுமே.

ஒன்பதாம் நாள் உச்சிவெயிலில் பில்லையின் மூச்சு நின்றுவிட்டது.

பூங்கொம்பி கதறிய கதறல் மேடு வரைக்கும் கேட்டது. மந்தை புகையை விட்டுக் கிளம்பியது. எல்லாரும் வந்தார்கள். அழுதுகொண்டே வந்தார்கள். காரி எல்லாருக்கும் முன்னால் வந்தாள். அவள் பக்கத்தில் அவளுடைய கன்று துடுக்கன் ஓட்டமும் நடையுமாக வந்தான். இன்னொரு கன்றும் பின்னால் வந்தது. உண்மையான பாசம். அதில் ஒரு துளி பொய்யில்லை. அதோடு ரீங்குவும் வந்தான், அவன் சொந்தக்காரர்கள் முந்நூறு பேரும் வந்தார்கள்.

பூங்கொம்பி செத்த கன்றைத் தாண்டி முன்னால் வந்து நின்றாள். கொம்பைத் தாழ்த்தினாள்.

"அங்கேயே நில்லுங்க!"

"அக்கா! நான்தான், காரி!"

"தெரியுது. நில்லு!"

"உன் பிள்ளை செத்துக் கிடக்குறா! கூடப் பொறந்தவ நான்! ஒரு தடவை தொட்டு அழக்கூட விட மாட்டியா?"

பூங்கொம்பிக்கு அந்த நிமிஷம் தங்கையின் கழுத்தில் தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. உலகத்தில் வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. துடுக்கன் எட்டிப் பார்த்தான். நாக்கை நீட்டிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தான்.

பூங்கொம்பி பாய்ந்தாள். கன்றைக் காக்கக் காரி குறுக்கே வந்தாள். அக்காவின் கொம்பு தங்கையின் தோளில் கீறிவிட்டது. ரத்தம் வந்தது.

மந்தை பின்வாங்கியது. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். காரி கடைசியாகத் திரும்பினாள். "இனி உனக்குத் தங்கச்சி கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்குப் பூங்கொம்பி தன் கன்றைத் தனியாக அழுது தீர்த்தாள். செவலையும் சுட்டியும் எட்டி நின்றார்கள். ஊர் ஆட்கள் வந்து ஆழமாகக் குழி வெட்டிப் பில்லையைப் புதைத்துவிட்டுப் போனார்கள்.

நாட்கள் போயின. கடைசிக் கட்டியும் காய்ந்து உதிர்ந்தது. மேட்டில் இருந்தவர்களில் அதற்குப் பிறகு ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. இருபத்தெட்டாம் நாள் முடிந்ததும் மந்தை குளத்துக்கு இறங்கியது. வந்த முதல் வேலையாகப் புதுத் தலைவியைத் தேர்ந்தெடுத்தது. காரிதான் தலைவி. "மரியாதை தெரிஞ்சவ வேணும்ல? சாவுக்கு வந்த சொந்தத்தைக் குத்தி விரட்டினவ எல்லாம் ஒரு தலைவியா?" என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். காரியின் முதுகில், வால் எட்டாத இடமாகப் பார்த்து, ரீங்கு குடியேறினான்.

"மூணே மூணு கன்னுல ஒண்ணைத் தவற விட்டுட்டாளே!" என்றும் சிலர் குறை சொன்னார்கள். மற்ற இரண்டும் எப்படி இருக்கின்றன என்று யாரும் யோசிக்கவில்லை.

பூங்கொம்பிக்கு எல்லாம் காதில் விழுந்தது. வலித்தது.

அப்போது துடுக்கன் புல்தரையில் நாலுகால் பாய்ச்சலில் வந்தான். பூங்கொம்பியின் முன்னால் வந்து நின்று, கழுத்தை நீட்டினான். அவள் பின்வாங்கினாள். "நாள் முடிஞ்சுதுங்க அக்கா, தொடலாம்" என்று செவலை சொன்ன பிறகுதான் அவள் நாக்கை நீட்டி அவனுடைய நெற்றியை நக்கிக் கொடுத்தாள். தோல் வழவழவென்று இருந்தது. ஒரு கட்டி இல்லை.

"டேய் துடுக்கா! அவகிட்டப் போகாதே! பாசம்னா என்னன்னு தெரியாதவ அவ!" என்று மேற்குக் கரையிலிருந்து காரி கத்தினாள்.

துடுக்கன் திரும்பித் தன் அம்மாவிடம் துள்ளிக் குதித்து ஓடினான். அவன் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பூங்கொம்பி அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தொற்றுநோய் வந்த இடத்தில் விலகி நிற்பவரும் விலக்கி நிறுத்துபவருமே உண்மையான உறவினர். மரியாதைக்காக நெருங்கி வருபவர் நோய்க்குத்தான் விருந்து வைக்கிறார்.